டைபீரியஸுக்கு முப்பத்தோரு மார்க்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'நீதிபதி'. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கேட்டும் கேளாதவர்போல் போய்விடுவார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இருபத்தெட்டு வருஷமாக ரோமப் பேரரசின் வரலாற்றைப் பாடம் நடத்துகிறவர் அவர். ஒரு பேரரசனைப் பற்றிய பாடம் முடிந்ததும் கரும்பலகையின் வலது மூலையில் அவனுடைய குணத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். அகஸ்டஸுக்கு எழுபத்திரண்டு. கிளாடியஸுக்கு ஐம்பத்தெட்டு. நீரோவுக்குப் பதினொன்று, "அதுவும் பாவம், பாட்டு கத்துக்கிட்டதுக்காக" என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். செத்து இரண்டாயிரம் வருஷம் ஆனவர்களுக்கு மார்க் போடுவதில் ஒரு வசதி உண்டு: யாரும் மறுகூட்டலுக்கு விண்ணப்பம் போட மாட்டார்கள்.

டைபீரியஸ் என்கிற இரண்டாவது பேரரசனுக்கு அவர் வெகுகாலம் போட்டுவந்தது முப்பத்தோரு மார்க். சிடுமூஞ்சி, சந்தேகப் பிராணி, வயதான காலத்தில் தலைநகரை விட்டுவிட்டுக் காப்ரி என்ற தீவில் போய் உட்கார்ந்துகொண்டு கண்ட அக்கிரமமும் செய்தவன் என்றுதானே பழைய ஏடுகள் சொல்கின்றன? ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் பேராசிரியரின் புத்தகம் வந்தது. முப்பத்தொன்று அறுபத்துநாலு ஆயிற்று.

அந்தப் புத்தகம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தீவில் நடந்ததாகச் சொல்கிறார்களே, அதை யார் பார்த்தது? எழுதியவர்கள் எண்பது வருஷம் கழித்து எழுதியவர்கள். டைபீரியஸின் கீழ் படையில் இருந்த ஒரு அதிகாரி அவனை வாயாரப் புகழ்ந்து எழுதியிருக்கிறான். அவனை ஜால்ரா என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். வெறுத்தவன் சொன்னால் வரலாறு, விரும்பியவன் சொன்னால் முகஸ்துதியா? புத்தகத்தின் நடுவில் நான்கு கட்டம் போட்ட ஓர் அட்டவணை இருந்தது. கதை என்ன, எழுதியவர் யார், எப்போது எழுதினார், நேரில் பார்த்திருக்கக்கூடியவர் யார். நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. அந்தக் காலிக் கட்டங்கள்தான் பேராசிரியருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. வெளியூர் மாநாடுகள், பரிசு, பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் தேர்வுக் குழுவின் தலைவர் பதவி, எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. ஒரு சனிக்கிழமை காலை பதிப்பகத்திலிருந்து மெய்ப்புப் பிரதி கட்டாக வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்த திருத்தங்களைப் பார்க்க ஆரம்பித்தார். மெய்ப்பு பார்த்தவர் கெட்டிக்காரர். விட்டுப்போன ஒற்று, இரண்டு தடவை வந்த சொல், வருஷக் கணக்கில் ஒரு பிழை என்று எதுவும் தப்பவில்லை. பேராசிரியர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே வந்தார்.

நூற்றுப்பதினெட்டாம் பக்கம். அட்டவணைக்கு மேலே பென்சிலில் ஒரு வரி.

'இந்தக் கேள்வியும் இந்தக் கட்டங்களும் முதலில் யாருடையவை? அடிக்குறிப்பு தேவையா?'

கேள்வியைவிட எழுத்துதான் அவரைப் பிடித்து உலுக்கியது. 'ழ'வின் வாலைத் தூண்டில் முள்போல உள்ளே வளைத்துப் போடும் எழுத்து. உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படி எழுதுவாள்.

எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமலா இது நாலாவது டம்ளர் தண்ணி? கோர்ட்டுல நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன். கூண்டுல ஏறினதும் தண்ணி கேக்கறவன் பாதிக்குப் பாதி செஞ்சவனாத்தான் இருப்பான்" என்று சிரித்தாள். தமாஷுக்குத்தான் சொன்னாள். பேராசிரியர் சிரிக்கவில்லை.

அந்த எழுத்துக்குச் சொந்தக்காரி அவருடன் முதுகலை படித்தவள். அவளுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் 'யார்பாத்தா'. இந்த அரசன் தன் மருமகனுக்கு விஷம் வைத்தான் என்று ஆசிரியர் பாடம் நடத்தினால், கடைசி வரிசையிலிருந்து குரல் வரும்: "யார் பாத்தா?" விடுதிச் சாப்பாட்டு அறையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் காதலாம் என்று யாராவது கிசுகிசுத்தாலும் அதே கேள்விதான். "நெருப்பில்லாம புகையுமா?" என்று ஒருநாள் இவர் மடக்கினார். "மூடுபனியும் தூரத்துலேர்ந்து பாத்தா புகை மாதிரிதாம்பா இருக்கும். கிட்டப் போய்ப் பாத்தியா?" என்றாள் அவள். அன்றிலிருந்து சிநேகிதம்.

படிப்பு முடிந்து இவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை; வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். ஒரு புத்தகம் வந்துவிட்டால் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. "பாதி வெந்தத மூடி தெறந்து காட்டக் கூடாது" என்பாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், இதே பதிப்பகம் ஒரு கைப்பிரதியை அவருக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது. வெளியிடலாமா வேண்டாமா என்று இரண்டு அறிஞர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்பது வழக்கம். அதில் அவர் ஒருவர். டைபீரியஸைப் பற்றிய கைப்பிரதி. இருநூற்றுப்பன்னிரண்டு பக்கம். ஏழாம் பக்கத்துக்கு வரும்போதே யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் அவர் சந்தோஷமாகத்தான் படித்தார். கதை, எழுதியவர், எழுதிய காலம், பார்த்திருக்கக்கூடியவர் என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணை ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு இடத்தில் வாய்விட்டு 'அடடா' என்றார். டைபீரியஸ் காதலித்துக் கட்டிய மனைவியை அரசியலுக்காகப் பிரித்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவளைப் பார்க்க நேர்ந்து கண்ணில் நீரோடு அவள் பின்னாலேயே போனான் என்று ஒரு கதை உண்டு. 'இந்தக் கதைக்காவது பார்த்திருக்கக்கூடிய கண்கள் இருந்தன. தீவுக் கதைகளுக்கு அதுவும் இல்லை' என்று அவள் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை அவர் மூன்று முறை படித்தார்.

இரண்டாம் நாள் சந்தோஷம் மங்கியது. ஆறு வருஷமாக அவரும் டைபீரியஸைப் பற்றித்தான் எழுத முயன்றுகொண்டிருந்தார். மேஜை இழுப்பறையில் ஒன்பது ஆரம்பங்கள் கிடந்தன, ஒன்றும் கைகூடவில்லை. தனக்கு வராதது அவளுக்கு எவ்வளவு லேசாக வந்திருக்கிறது! மூன்றாம் நாள் அவர் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். 'ஆசிரியருக்குத் தம் நாயகன்மேல் உள்ள பரிவு தராசைச் சாய்த்துவிடுகிறது. டைபீரியஸ் நடத்திய ராஜத்துரோக விசாரணைகளில் மாண்டவர்களுக்கு இந்த நூலில் குரல் இல்லை. இது வரலாறு அல்ல; வக்கீல் வாதம். வெளியிடப் பரிந்துரைக்க இயலவில்லை.'

இன்னொரு அறிஞர் வெளியிடலாம் என்றார். ஒருவர் ஆம், ஒருவர் இல்லை. பதிப்பகம் தயங்கி, கைவிட்டது. அந்த வருஷம் அவள் வேலை புதுப்பிக்கப்படவில்லை.

அவள் நேராக இவர்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். இதே மேஜையில் உட்கார்ந்து, மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாள். பேராசிரியர் அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கரண்டி சர்க்கரை. அவளுக்கு எத்தனை கரண்டி என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. "எல்லாம் சரியாயிடும்பா" என்றார். அதன் பிறகு அவள் வரவு குறைந்தது, பிறகு நின்றது. நாலு வருஷம் கழித்து அவருடைய புத்தகம் வந்தது. திருடுகிறோம் என்று நினைத்து அவர் எழுதவில்லை. மனசு அவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. 'இது எல்லோரும் கேட்கிற கேள்விதானே, ஒரே வகுப்பில் கேட்டு வளர்ந்ததுதானே' என்று அது சொன்னது, அவரும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை பாடம் டைபீரியஸ்தான். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வழக்கம்போல முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "சார், மார்க்?"

அவர் சாக்பீஸை எடுத்து வலது மூலைக்குப் போனார். ஆறு என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் நாலு போடக் கை வரவில்லை. முப்பத்தொன்று என்றிருந்தவனை ராவோடு ராவாக அறுபத்துநாலு ஆக்கியது யார், எதற்காக என்று யாராவது இப்போது கேட்டுவிட்டால்?

"இன்னிக்கு வேணாம்" என்று அழித்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நடக்கும்போது, பின்னால் யாரோ "ஜட்ஜு லீவு போட்டுட்டாரு" என்றார்கள்.

அன்று பிற்பகல் பதிப்பகத்துக்குப் போனார். பதிப்பாசிரியர் நாற்பது வயதுக்காரர். எட்டு வருஷமாகத்தான் அங்கே இருக்கிறார், பழைய கதை தெரியாது.

"மெய்ப்பு பாத்தவங்களா சார்? அந்த அம்மா நம்மகிட்ட ரொம்ப காலமா இருக்காங்க. அவங்க புத்தகம் ஏதோ இங்க வந்து திரும்பிப் போயிருக்கு. கைப்பிரதி கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சுன்னு, எனக்கு முந்தி இருந்த பதிப்பாசிரியர் கூப்பிட்டு மெய்ப்பு வேலையக் குடுத்தாராம். ஒரு கமா அவங்ககிட்டேர்ந்து தப்பிக்காது."

"என் புத்தகம்னு தெரிஞ்சுதான் பாத்தாங்களா?"

"முதல் பதிப்புக்கு வேற ஆள். இந்தத் தடவ அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ஏன் சார், ஏதாவது தப்பா?"

"தப்பு அவங்களோடது இல்ல" என்று சொல்லி முகவரியை வாங்கிக்கொண்டார்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படியேறும்போது இரண்டு தடவை நின்றார். மூச்சுக்காக என்று சொல்லிக்கொண்டார். கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நூத்திப்பதினெட்டாம் பக்கமா?" என்றாள்.

அவர் தலையசைத்தார்.

"உள்ள வா. செருப்ப அங்கேயே விடு, தாளெல்லாம் தரையில கெடக்கு."

உண்மைதான். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி, அடிக்கோல், சீவி வைத்த பென்சில்கள். தரையில் யாருடையதோ தாவரவியல் பாடநூல் அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கி வைத்திருந்தது. இருந்த ஒரே நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "உன் கைப்பிரதிய வேணாம்னு எழுதினது நான்தான்" என்றார்.

கீழே கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிடும் சத்தம் கேட்டது.

"நெனச்சேன்" என்றாள் கடைசியில். "அந்த அறிக்கைய எனக்கு அனுப்பினாங்க, பேரில்லாம. 'வக்கீல் வாதம்'னு இருந்துச்சு. காலேஜுலேர்ந்தே அது உன் வார்த்தைதான். ஆனா நெனப்பு வேற, பாத்தது வேற. ஊர்ல இன்னும் பத்துப் பேர் அந்த வார்த்தையச் சொல்லலாம். அதனால யார்கிட்டயும் சொல்லல."

"என் புத்தகம் வந்தப்ப?"

"ரெண்டு வாரம் சோறு எறங்கல. அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம். என் கேள்விய நீ ஆயிரம் தடவ கேட்டிருப்ப. அது உன் மனசுல கெடந்து மொளைச்சிருக்கலாம். அப்படி ஒரு வழி இருக்கற வரைக்கும் திருட்டுன்னு எப்படிச் சொல்றது? டைபீரியஸுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

பார்க்காத ஒன்றைச் சொல்லக்கூடாது என்பதற்காக இவள் பதினோரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நியாயத்தின் நிழலில் அவர் சொகுசாக உட்கார்ந்து மாநாடு மாநாடாகப் போய்வந்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் அந்தக் கேள்வியப் பென்சில்ல எழுதின?"

"ஏன்னா அங்க நிஜமாவே ஒரு அடிக்குறிப்பு வேணும்" என்றாள். "மெய்ப்பு பாக்கறவ கேக்க வேண்டிய கேள்விதான் அது. நீ என்ன எழுதி அனுப்புவன்னு பாக்கலாம்னு இருந்தேன். நீயே நேர்ல வருவன்னு நெனைக்கல."

பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். திட்டவில்லை; ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்த மாசம் வந்தது? எத்தனை நாள் வைத்திருந்தாய்? எத்தனையாவது பக்கத்தில் தெரிந்தது?

"ஏழாவது பக்கம்."

"தெரிஞ்ச பிறகும் இருநூத்தஞ்சு பக்கம் படிச்சியா?"

"படிச்சேன்."

"பிடிச்சிருந்துதா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ரொம்ப" என்றார். "நாப்பத்தோராம் பக்கத்த மூணு தடவ படிச்சேன்."

அவள் சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அங்கிருந்தபடியே, "அந்த வருஷம் யாராவது ஒருத்தர் அத மட்டும் சொல்லியிருந்தாப் போதும்" என்றாள். "வேல போனதுகூடப் பெரிசில்ல. எழுதினது குப்பைன்னு நம்பிட்டேன். அத நம்ப வச்சிட்டு எனக்கு டீ வேற போட்டுக் குடுத்த."

"நான் மனுஷனே இல்ல" என்றார் அவர். "என்னை மாதிரி ஒரு கேவலமான—"

"நிறுத்து." அவள் திரும்பினாள். இப்போதுதான் கோபம் முகத்தில் ஏறியிருந்தது. "உனக்கு நீயே மார்க் போட ஆரம்பிச்சிடாத. சைபர்னு போட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்கறியா? நீ நல்லவனா கெட்டவனான்னு எனக்கென்ன வந்தது? என்னிக்கு, என்ன செஞ்ச, அத எழுது. எழுதிக் கையெழுத்துப் போடு. மத்தத நான் கேக்கல."

அவர் எழுந்தார். கதவருகே வந்ததும் அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு. நீ அந்த அறிக்கையில சொன்னதுல மூணுல ஒரு பங்கு சரி. விசாரணையில செத்தவங்களுக்கு நான் வெறும் மூணு பக்கம்தான் குடுத்திருந்தேன். டைபீரியஸக் காப்பாத்தற அவசரத்துல அவங்கள மறந்துட்டேன். பொறாமையில எழுதினாலும் அத மட்டும் சரியாப் பாத்திருக்க. அதச் சொல்லாம விட்டா எனக்கு நியாயமில்ல."

அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இந்த நேர்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் படியிறங்கினார்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டு முடித்ததும் எழுந்துபோய்த் துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நம்ம கல்யாணத்துல என் பக்கத்துல நின்னவ அவ" என்றாள். "என் தோள்ல சாஞ்சு அழுதப்ப, நான் அந்த அறிக்கை எழுதினவன என்னென்ன சாபம் விட்டேன்னு ஞாபகம் இருக்கா? நீங்க அடுப்படியிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டேன்."

"எனக்கு ரெண்டு நாள் ஆகும். எங்கிட்டப் பேச வராதீங்க."

மூன்று நாள் ஆயிற்று. வியாழக்கிழமை அவளே வந்து தட்டச்சு செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் சுளித்தது.

"என்னங்க இது? 'கருத்துக்கள் கலந்துவிட்டன', 'தவறு நேர்ந்துவிட்டது'. தானா நேர்றதுக்கு இது என்ன மழையா? கூண்டுல நின்னு 'கத்தி குத்திடுச்சு'ன்னு சொல்றவனையும் பாத்திருக்கேன். எழுவாயப் போடுங்க. 'நான்'னு ஆரம்பிங்க."

நான்கு தடவை திருத்தி எழுதினார்கள். கடைசியில் ஒன்றரைப் பக்கம் நின்றது. 'நான்' என்று பதினேழு இடத்தில் வந்தது.

பதிப்பாசிரியர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "சார், இதெல்லாம் எதுக்கு? யாருக்கும் தெரியாது. முன்னுரையில 'பயனுள்ள கலந்துரையாடல்களுக்காகத் தோழிக்கு நன்றி'ன்னு ஒரு வரி போட்டா விஷயம் முடிஞ்சுது. உங்க பேர் என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

அந்த ஒரு வரி அவரைக் கவரவில்லை என்று சொன்னால் பொய். மேஜைமேல் கடிதத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அழகான வரி. கௌரவமான வரி. அதை ஒப்புக்கொண்டால் இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம். பிறகு, "போடாதீங்க" என்றார். "இந்தக் கடிதத்தோட நகல் பல்கலைக்கழகத்துக்கும் போயாச்சு." அது உண்மையில்லை, நகல் சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தபால் நிலையத்துக்குப் போய் அதை உண்மையாக்கினார்.

நடக்கவேண்டியதெல்லாம் நடந்தது. இரண்டாம் பதிப்பை நிறுத்தினார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். தேர்வுக் குழுத் தலைவர் பதவி போயிற்று. பரிசைத் திருப்பிக் கொடுத்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் இரண்டு வருஷம் ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்றார்கள். துறையில் சிலர் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு இளம் ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும் சார்!" என்றார். இன்னொருவர் ஆசிரியர் அறையிலேயே, "மாட்டிக்கிட்டதும் மகாத்மா வேஷம்" என்றார். பழைய பேரரசர்களுக்கு என்ன நடந்ததோ அது தனக்கும் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்புக்காகவே வெட்கப்பட்டார். தன்னைப் பேரரசனோடு ஒப்பிட்டுக்கொள்ளும் திமிர் இன்னும் போகவில்லையே!

இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பென்சில் வரி வராமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாரா? மாட்டார். அப்படியென்றால் இரண்டாமவர் சொன்னதுதான் சரியோ? ஆனால் பென்சில் வரியை அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாமே, அனுப்பவில்லையே? கணக்குத் தீராமல் வாரக்கணக்கில் உழன்றார். குற்ற உணர்வு கரையும் என்று எதிர்பார்த்திருந்தார். அது கரையவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தோடு கலந்திருந்தது. இப்போது பயம் போய், அது மட்டும் தனியாக நின்றது.

பதிப்பகம் அவளிடம் கைப்பிரதியைக் கேட்டது. அவள் உடனே கொடுக்கவில்லை. "பதினோரு வருஷம் பழசு. கெட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினாள். இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். அதற்கிடையில் மனைவி மட்டும் அந்த மூன்றாம் மாடிக்கு அடிக்கடி போய்வந்தாள். வந்து எதுவும் சொல்ல மாட்டாள், அவரும் கேட்கமாட்டார்.

புத்தகம் வந்த அன்று மனைவிதான் ஒரு பிரதி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவருக்கென்று அனுப்பப்பட்டதல்ல, அவள் கடையில் வாங்கியது. பேராசிரியர் முதலில் விசாரணைகளைப் பற்றிய அத்தியாயத்துக்குப் போனார். மூன்று பக்கமாக இருந்தது நாற்பத்தாறு பக்கமாகியிருந்தது. யார் குற்றம் சாட்டியது, யார் தற்கொலை செய்துகொண்டது, எந்தத் தாய் மகனுக்காக அழுததற்காகவே கொல்லப்பட்டாள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். டைபீரியஸை அவள் இந்தத் தடவை தப்பவிடவில்லை. தீவுக் கதைகளை நம்பவும் இல்லை. அவனைப் பற்றி முடிவாக என்ன நினைக்கிறாள் என்று தேடினார். அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

பிறகு முன்னுரைக்கு வந்தார். தன்னைப் பற்றி மூன்றே வாக்கியம். இன்ன வருஷம், இன்ன மாசம், இந்தக் கைப்பிரதியை மதிப்பிட்டவர் இன்னார்; அதை நிராகரிக்கும்படி எழுதினார்; நான்கு வருஷம் கழித்து இதன் கேள்வியையும் அட்டவணையையும் தம் நூலில் பயன்படுத்தினார்; பின்னர் தாமாகவே வந்து எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அவருடைய அறிக்கையில் விசாரணைகளைப் பற்றி இருந்த குறிப்பு சரியானது. இந்நூலின் ஐந்தாம் அத்தியாயம் அதனால் விரிவடைந்தது.

அவ்வளவுதான். துரோகி என்று இல்லை. பெருந்தன்மை என்றும் இல்லை. கோபமாக ஒரு சொல், இரக்கமாக ஒரு சொல், எதுவும் இல்லை. அவர் மறுபடியும் படித்தார், ஏதாவது விட்டுவிட்டோமோ என்று.

"என்ன எழுதியிருக்கா?" என்றாள் மனைவி.

"நடந்தத எழுதியிருக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மனைவி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சத்தமாப் படிங்க, நானும் கேக்கறேன்" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்துக்குத் திருப்பினார். படிக்க ஆரம்பித்தார். தன் பெயர் வரும் இடத்தில் குரல் தட்டியது. தண்ணீர் குடிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அடுத்த வரிக்குப் போனார்.